இரண்டில் எதை விடுவீர்கள்?

வாலிபப் பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்க நடத்தும் திடப்படுத்தல் வகுப்பின் ஏழாவது ஞாயிறன்று ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு, இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகும் நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆலய வாசலில் பார்க்கும்போதெல்லாம் “தோத்திரம் சார்” என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு போய்விடுகிறாள். கேட்டதை அவள் மறந்திருக்கவும் கூடும். நான் மறக்கவில்லை. வாலிபப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ உலகப்பார்வையைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பேசுவதற்குப் பக்கத்துச் சேகரங்களிலிருந்து (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளைச் சேகரம் என்போம்) அவ்வப்போது என்னை அழைக்கிறார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போல உறுத்துகிறது. எழுதி வைத்தாலாவது அது நகருமா என்று பார்க்கிறேன்.

நான் குருவானவரும் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். கொஞ்சம் வாசிக்கிற பழக்கம் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக, திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் திடப்படுத்தல் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். பதினோரு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்துக்குப் பின்னாலுள்ள தொடக்கப்பள்ளி அறையில் வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அடித்த குட்டை பெஞ்சுகளில், பதினைந்து வயதுப் பையன்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், திருமுழுக்கு, திருவிருந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, ஒப்பிக்க வைத்து, பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கிற நாளன்று வெள்ளை உடையில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதன்பின் பாதிப்பேர் கிறிஸ்துமஸுக்கும், சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கும் மட்டுமே கண்ணில் படுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான்.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கேதான் ‘உலகப்பார்வை’ என்ற சொல் எனக்கு அறிமுகமானது. தத்துவஞானி காண்ட் 1790-இல் ஒரு நூலில் போகிற போக்கில் பயன்படுத்திய ஜெர்மன் சொல் அது. ஸ்காட்லாந்து இறையியலாளரான ஜேம்ஸ் ஓர் 1890களில் அதைக் கிறிஸ்தவத்துக்கு எடுத்துக்கொண்டார். நெதர்லாந்தின் இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் 1898-இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அதற்கு உடம்பும் உயிரும் கொடுத்தார். கிறிஸ்தவம் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய சில உபதேசங்களின் தொகுப்பு மட்டுமன்று, வேலை, கல்வி, கலை, அரசியல், குடும்பம் என அனைத்தையும் பார்ப்பதற்கான ஒரு முழுப் பார்வை என்பதே அவர்கள் சொன்னதின் சாரம். பாவமன்னிப்பும் பரலோகமும்தான் மார்க்கம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, நாற்பத்தெட்டாவது வயதில் வீட்டுக்கு இன்னும் நான்கு அறைகள் இருப்பது தெரியவந்ததைப் போலிருந்தது. மனித வாழ்வின் பரப்பில் கிறிஸ்து ‘என்னுடையது’ என்று சொல்லாத ஓர் அங்குலம்கூட இல்லை என்று, 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் தாம் நிறுவிய பல்கலைக்கழகத்தின் தொடக்க விழாவில் கைப்பர் பேசியிருக்கிறார். அதைத் தமிழாக்கி, சார்ட் அட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் மாட்டினேன். இந்த அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்றுமுதல் என் வகுப்பு மாறிவிட்டது. வெள்ளைப் பலகையில் நான்கு வட்டங்கள் போடுவேன்: படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, நிறைவு. எதை எடுத்தாலும் இந்த நான்கு வட்டங்களுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். தேவன் இதை எதற்காகப் படைத்தார், பாவம் இதை எப்படிக் கெடுத்தது, கிறிஸ்து இதை எப்படி மீட்கிறார், கடைசியில் இது என்னவாகும். கைபேசி, சினிமா, பணம், நட்பு என்று வாரத்துக்கு ஒன்று. பிள்ளைகள் சுறுசுறுப்பாக வட்டங்களை நிரப்பினார்கள். முகாமில் கொடுத்த பயிற்சிப் புத்தகம் அமெரிக்காவில் எழுதப்பட்டதன் தமிழாக்கம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். கல்லூரிக்குப் போகிற மகன் நாத்திகப் பேராசிரியரிடம் சிக்கி விசுவாசத்தை இழக்கிற கதை அதில் மூன்று இடங்களில் வருகிறது. எங்கள் பிள்ளைகள் போகிற பொறியியல் கல்லூரிகளில், ஆயுதபூஜைக்குப் பட்டறை இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற பேராசிரியர்கள்தான் இருக்கிறார்கள். கடவுள் மறுப்புக்கும் இங்கே பெரியார் வழியாக வந்த வேறொரு வரலாறு உண்டு. அது கேட்ட முதல் கேள்வி பரிணாமத்தைப் பற்றியதன்று. புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இது அப்போதே எனக்கு நெருடியது. ஆனாலும் வட்டங்களின் அழகில் மயங்கி, அந்த நெருடலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது ஞாயிறு

அன்றைய பாடம் திருமணமும் குடும்பமும். பதினான்கு பேர் இருந்தார்கள். வட்டங்களை வரைந்துவிட்டு, உலகம் எப்படி வாழ்க்கைத் துணையைத் தேடுகிறது, விசுவாசி எப்படித் தேட வேண்டும் என்று பலகையை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தேன். இடப்பக்கம் அழகு, நகை, சம்பளம், அந்தஸ்து. வலப்பக்கம் தேவபயம், நற்சாட்சி, ஒருமித்த ஜெபம். இந்தப் பாடத்தை முந்தைய ஆண்டுகளிலும் நடத்தியிருக்கிறேன், நன்றாகப் போகும். பையன்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள், பெண்கள் குறிப்பெடுப்பார்கள். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து அவள் கையைத் தூக்கினாள். ஆறு வாரமாக வாயைத் திறக்காத பெண்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளும்மா.”

“எங்க சித்திக்கு மாப்பிள பாக்காங்க. ஆச்சிக்குக் கண்ணு தெரியாது. மாசாமாசம் புஸ்தகம் வந்த ஒடனே வரன் பக்கத்த நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்.” சொல்லிக்கொண்டே, வேதாகமத்துக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். சபைகளில் விநியோகமாகும் ஒரு மாத இதழின் பக்கம் அது. “இதுல இருக்க நம்பர் உங்க நம்பர்தானே சார்? நம்ம குரூப்ல இருக்கதும் இதுதான்.”

என் நம்பர்தான். என் மூத்த மகளுக்காக நான் கொடுத்திருந்த விளம்பரம். அகலத்திலும் நீளத்திலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்காது. எழுதியது நான், வார்த்தைக்குக் காசு என்பதால் எண்ணி எண்ணிச் சுருக்கியதும் நான்தான். சி.எஸ்.ஐ. என்ற எழுத்துகளையடுத்து எங்கள் சாதியின் பெயர். பிறகு வயது, உயரம், படிப்பு, வேலை. அதன்பின், ‘இரட்சிக்கப்பட்ட, நற்பழக்கமுள்ள, அரசு அல்லது வங்கிப் பணியிலுள்ள மணமகன் தேவை. அதே இனத்தில் மட்டும்.’ இரட்சிக்கப்பட்ட என்றால், கிறிஸ்துவைத் தானே மனதார ஏற்றுக்கொண்ட என்று பொருள். அந்த வட்டாரத்தில் யார் எழுதினாலும் இப்படித்தான் எழுதுவார்கள். படிவத்தில் பெயரும் முகவரியும் நிரப்புவதைப் போல எழுதியிருந்தேன்.

“ஆமாம்மா, எங்க பெரிய பொண்ணுக்குத்தான். அதுக்கென்ன?”

“இரட்சிக்கப்பட்டன்னு ஒண்ணு போட்டிருக்கு, அதே இனம்னு ஒண்ணு போட்டிருக்கு. ரெண்டும் சேந்து கெடைக்கலன்னா, ரெண்டுல எதை சார் விடுவீங்க?” கொஞ்சம் நிறுத்தி, “எங்க ஆச்சி, மொதல்ல இனத்தப் பாரு, அது சரியா இருந்தா மேக்கொண்டு வாசிம்பாங்க. நீங்களும் அப்படித்தானான்னு கேட்டேன்” என்றாள்.

அவள் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். வாத்தியாரை மடக்குகிற பையன்களைக் கையாளும் வித்தை ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கைவந்திருந்தது. இவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாதாமாதம் அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கிறவள். தான் வாசிப்பதில் எது கட்டாயம், எது ஒப்புக்கு என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. “விசுவாசம் வேற, பழக்கவழக்கம் வேறம்மா. ரெண்டு குடும்பமும் ஒத்துப் போகணும்ல” என்றேன். எங்கள் ஊரில் நூறு வருடமாகச் சொல்லப்படும் அந்த வாக்கியம், நான்கு வட்டங்களுக்கு முன்னால் நின்று சொல்லும்போது, வேறொருவர் குரலில் கேட்டது. என்னைக் காப்பாற்ற நினைத்த ஒரு பையன், “அசனத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிடுதோம்” என்றான். பக்கத்திலிருந்தவன் அவன் விலாவில் இடித்து, “சாப்பிடுதது வேறல, கெட்டிக் குடுக்கது வேறல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வகுப்பைக் கால் மணி நேரம் முன்னதாகவே ஜெபித்து முடித்துவிட்டேன். ஜெபத்தில் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான், அவளுடைய கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று என்பது உறைத்தது. அந்த விளம்பரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, வாலிபர் முகாம்களில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையனைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். பள்ளி ஆசிரியர், ஜெபிக்கிறவர், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவர். பயோடேட்டாவும் கொடுத்தார். முதல் பக்கத்தில் சாதியைப் பார்த்ததும், இரண்டாவது பக்கத்தைப் புரட்டாமலேயே மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். அடுத்த மாதமே, எங்கள் இனத்தில் நல்ல வசதியான குடும்பம் என்று கேள்விப்பட்டு, தூத்துக்குடிக்கு பஸ் ஏறி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். அந்தப் பையன் ஆலயத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது என்று அவருடைய தாயாரே சொன்னார்கள். “கலியாணம் ஆனா சரியாயிடும்” என்று நானே அவர்களைத் தேற்றிவிட்டு வந்தேன். ஜாதகம் பார்க்காதவர்கள் என்று பெருமைப்படுகிற நாங்கள், ‘இரட்சிக்கப்பட்ட’ என்பதை ஏற்கெனவே விட்டுவிட்டோம். விட்டது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை. வரன் தட்டிப்போனதற்குக் காரணம்கூட அவர்கள் கேட்ட நகைதான், விசுவாசம் அன்று.

இரவு மனைவியிடம் சொன்னேன். “புள்ளைக்கு இருபத்தொம்பது முடியப்போவுது. நீங்க ஊரத் திருத்துனது போதும்” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேள்வி யாருடையது

சில வாரங்கள் கழித்துத்தான் வேறொன்று புலப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் அந்த அறையில் ஒரு பிள்ளை தன் சொந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் என்னுடையவை. பிள்ளைகளுடையவை பதில்கள் மட்டுமே. இது எனக்கு மட்டும் உரிய குறையுமன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்வித்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாராம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே, 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட பதினாறு பக்க ஞானோபதேசம், அதாவது விசுவாசப் பாடநூல்தான். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சானது, குரு கேட்கவும் சீடன் விடை சொல்லவுமாக அமைந்த வினாவிடை நூல். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கும், லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஆக, தமிழில் அச்சு எழுத்தே பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிப்பதற்காகத்தான் வார்க்கப்பட்டது என்று சொன்னால் பெரிய மிகையாகாது.

மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். எழுத்தே தெரியாத என் ஆச்சி, பனங்கிழங்கு அவித்துக்கொண்டே விசுவாசப் பிரமாணத்தை முழுவதும் சொல்லுவாள். அதன் ஒவ்வொரு வரியையும் தன் கஷ்டங்களில் ஏதோ ஒன்றோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். மனப்பாடம் ஒரு களஞ்சியம். பசிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாத்திராகமத்தில் பஸ்காவைக் குறித்துச் சொல்லும் இடத்தையும், யோசுவாவின் புத்தகத்தில் யோர்தான் ஆற்றிலிருந்து எடுத்து நினைவாக நாட்டிய கற்களைக் குறித்துச் சொல்லும் இடத்தையும் திரும்ப வாசித்தபோது, அங்கே முறை தலைகீழாக இருப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் ‘இதன் கருத்து என்ன’, ‘இந்தக் கற்கள் என்ன’ என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது. பெரியவர்களின் வேலை, பிள்ளைகள் கண்டு கேட்கும்படியாக ஒன்றைச் செய்துவைப்பது. நாங்கள் நட்டுவைத்த கல் எது என்று யோசித்தேன். அந்தப் பெண் கண்டு கேட்ட கல், இரண்டு அங்குல விளம்பரம்.

இங்கேதான் நான்கு வட்டங்களைப் பற்றிய என் எண்ணமும் மாறியது. அவை பிழையானவை என்று இன்றும் நினைக்கவில்லை. நான் அவற்றைப் பிடித்திருந்த விதம்தான் பிழை. என் கையில் அது தொலைநோக்கியாக இருந்தது. சினிமாவை, கைபேசியை, அடுத்த மதத்தை, மேற்கத்திய நாகரிகத்தை எல்லாம் அதன் வழியாகப் பார்த்தேன். வீழ்ச்சி என்ற வட்டத்துக்குள் எங்கள் சபை வளாகத்தில் இருந்த எதையும் நான் ஒருநாளும் எழுதியதில்லை. பேதுரு அந்தியோகியாவில், யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அதற்காக எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தில் வாசிக்கிறோம். கவனித்துப் பார்த்தால், பேதுருவின் உபதேசத்தில் பவுல் குற்றம் காணவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் குற்றம் கண்டார். நடை சுவிசேஷத்துக்கு ஒத்து வரவில்லை என்றார். உலகப்பார்வையைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்த எனக்கு, இந்த இரண்டாம் அதிகாரம் அந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று தோன்றவே இல்லை.

நம் வரலாற்றிலும் இது புதிதன்று. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை தீர்மானமாக, உடனடியாக, இறுதியாக ஒழிய வேண்டும் என்று 1833-இல் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்பதைவிடச் சபையை விட்டு விலகுவது மேல் என்று பலர் வெளியேறினார்கள். அவர்கள் ஞானோபதேசம் தெரியாதவர்கள் அல்லர். மூன்று தலைமுறையாக அதை ஒப்பித்தவர்கள். கைப்பரின் அதே சீர்திருத்த மரபைச் சேர்ந்த தென்னாப்பிரிக்க டச்சுச் சபையும் 1857-இல், ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ வெள்ளையர் அல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனையை அனுமதித்தது. பலவீனருக்காகக் கொடுத்த சலுகை, நூறு ஆண்டுகளில் நாட்டின் இனஒதுக்கல் சட்டமாயிற்று. ஓர் அங்குலத்தையும் விடாத பார்வை என்று சொல்லிக்கொண்ட மரபுக்குள்ளேயே எத்தனை ஏக்கர் விடுபட்டுப் போகிறது! என் சார்ட் அட்டையைக் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கழற்றவில்லை. சொன்னவர் வாக்கியத்தைவிடச் சிறியவர் என்பதற்காக வாக்கியம் பொய்யாகிவிடாது. இல்லாவிட்டால் நான் வகுப்பே எடுக்க முடியாது.

சீட்டுகள்

அடுத்த ஆண்டு முதல், வகுப்பின் முதல் அரைமணி நேரம் பிள்ளைகளுடையது. பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் கேள்வியை எழுதி, பழைய காணிக்கைப் பையில் போட வேண்டும்; நான் ஒன்றை எடுத்து உரக்க வாசிப்பேன். முதல் ஆண்டில் நாற்பத்துச் சொச்சம் சீட்டுகள் சேர்ந்தன. பயிற்சிப் புத்தகம் அத்தனை பயந்த பரிணாமத்தைப் பற்றி இரண்டே சீட்டு. அதில் ஒன்று, நோவாவின் பேழைக்குள் டைனோசர் எப்படி ஏறியிருக்கும் என்பது. மற்றவை வேறு திசையிலிருந்து வந்தன. ‘ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் ஆலயத்தில் வைத்து ஜெபித்தோம். ஜெபிக்காத பக்கத்து வீட்டுப் பையன் என்னைவிட அறுபது மார்க் கூட எடுத்தான். ஜெபம் எதற்கு?’ இன்னொன்று: ‘எங்க அம்மாச்சி சாகிற வரைக்கும் திருச்செந்தூர் முருகனைத்தான் கும்பிட்டாங்க. எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த அம்மாவை வளர்த்ததே அவங்கதான். அவங்க நரகத்திலா இருக்காங்க?’ கடைசி வார்த்தையின்மேல் பேனா இரண்டு தடவை ஓடியிருந்தது.

அந்தச் சீட்டை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த சரியான பதிலும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதிலும் ஒன்றாக இல்லை. கடைசியில், சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்ட இடத்தை எடுத்து வாசித்தோம். அதுவும் கேள்வியாகத்தான் இருக்கிறது என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான். அதற்குமேல் நான் எதையும் சேர்க்கவில்லை. இந்த மாதிரி ஞாயிறுகளில் பலகையில் வட்டங்கள் வருவதற்கே நேரம் இருப்பதில்லை. வந்தாலும், எந்த வட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியாத கேள்விகளுக்குப் பக்கத்தில் வருகின்றன. சேகரக் கமிட்டியில் இதைப் பற்றிப் புகார் வந்தது. பிள்ளைகளுக்குச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுக்கிறார் என்றார் ஒரு தகப்பனார். ஒப்பிக்கும் நாளில் பிள்ளைகள் ஒழுங்காக ஒப்பித்தால் எனக்குப் போதும் என்று குருவானவர் சொல்லிவிட்டதால் வகுப்பு தப்பியது. ஒழுங்காகத்தான் ஒப்பிக்கிறார்கள்.

இரண்டு அங்குலம்

விளம்பரத்தைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது, நான் முதலில் மகளிடம் போனேன். மூன்று முறை விளம்பரம் கொடுத்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “ஆலயத்துக்கு வர்ற ஆளா இருக்கணும்ப்பா. குடிக்கக் கூடாது. மத்தத நீங்க எழுதுனீங்க, நான் எழுதல” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். இதழ் அலுவலகத்துக்கு வாசகத்தை அனுப்பினேன். மறுநாளே அங்கிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டு, “சார், இனம் விட்டுப்போச்சு போலயே, சேத்துக்கிடட்டுமா?” என்று பணிவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். “வரன் கொறையும் சார்” என்றார்.

குறைந்தது. வந்த பதினொரு அழைப்புகளில் ஒன்பது, இரண்டாவது நிமிடத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டன. யாரும் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குத் தேவையே இல்லை. “பூர்வீகம் எந்த ஊரு?”, “எந்தச் சேகரம்?” என்று இரண்டு கேள்வி போதும், ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் மிச்சத்தைச் சொல்லிவிடும். நான் ஊரைச் சொன்னதும் ஒன்பதில் ஐந்து பேர், மறுபடி கூப்பிடுகிறோம் என்றார்கள். நான்கு பேர் குரலில் ஒரு நெருக்கம் வந்தது. அந்த நெருக்கம் எனக்கும் இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓர் இரவு ஒன்பது மணிக்கு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பேசினார். மகன் தபால் துறையில் வேலை பார்க்கிறாராம். என் மகள் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள், பாடகர் குழுவில் பாடுவாளா, கல்யாணத்துக்குப் பின் வேலைக்குப் போக விரும்புகிறாளா என்றெல்லாம் நிதானமாகக் கேட்டார். அவருடைய மனைவியும் பக்கத்திலிருந்து ஏதோ கேட்கச் சொல்வது காதில் விழுந்தது. இருபது நிமிடம் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் அவர் கேட்கவே இல்லை. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, வாயைத் திறந்து, “உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு சார்?” என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. “நல்லது சார், ஜெபிச்சுக்கிடுவோம்” என்று அவர்தான் முதலில் போனை வைத்தார்.

நான்கு நாள் கழித்து, எண்ணைத் தேடி எடுத்து நானே கூப்பிட்டேன். அன்று கேட்டதற்காக மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். வார்த்தை வராமல், பெண்ணைப் பார்க்க எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறார்கள். என் மனைவி இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடச் சொன்னால், உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள்.